பக்கத்து சீட்டில் 22 வருடம்

உடைந்த பூந்தொட்டியின் ஓடுகள் இன்னும் வாசல் மூலையில்தான் கிடக்கின்றன. அள்ளிப் போட இரண்டு நிமிடம் ஆகாது. ஆனாலும் மூன்று மாதமாக அவற்றைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டோமே என்ற நினைப்பு எனக்குப் புதிதில்லை. பல்வலி மாதிரி அவ்வப்போது வரும், ஏதாவது ஒரு சமாதானத்தை மாத்திரையாகப் போட்டால் அடங்கிவிடும். இந்த முறை எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் நெஞ்சுவலி, வீட்டில் வண்டி நிற்கிறது, ஓட்ட ஆளில்லை என்கிற கதை இதில் கிடையாது. நான் ஓட்டத் தெரியாது என்று சொன்னதும் பத்தில் ஒன்பது பேர் அந்தக் கதையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "ஒரு அவசரம்னா என்ன பண்ணுவீங்க?" அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் வரும், வாடகைக் கார் வரும், அக்கம்பக்கத்தில் ஒருவர் வருவார். உண்மையில் அவசரத்துக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். அவசரமே இல்லாதபோதுதான் யாரும் வருவதில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு 47 வயது ஆனது.

என் கணவருக்கு, இவருக்கு, விழித்திரை விலகிவிட்டது. அறுவை செய்து, கண்ணுக்குள் வாயுவை நிரப்பி அனுப்பினார்கள். குமிழ் மேலே எழும்பும் அல்லவா, அது விழித்திரையைத் தள்ளி ஒட்டவைக்க வேண்டும். அதற்காக மனிதர் பகலும் இரவும் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, மேலே போனால் குமிழ் விரிந்து கண்ணை அழுத்திவிடும். வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பரிசோதனைக்கு வாடகைக் காரில் போனோம், வாடகைக் காரில் வந்தோம். காசைத் தவிர ஒரு கஷ்டமும் இல்லை. எங்கள் வண்டி வாசலில் தூசி படிந்து நின்றது.

பத்தாவது நாள், தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே இவர் சொன்னார்: "பேட்டரி இறங்கிடப் போகுது. சாவி போட்டு ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விடு."

சாவி போட்ட நிமிடம்

இருபத்திரண்டு வருடமாக நாங்கள் வண்டி வைத்திருக்கிறோம். இது மூன்றாவது. மூன்றிலுமே ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்ததில்லை. துடைப்பதற்கும் கீழே விழுந்த சில்லறையைத் தேடுவதற்கும் குனிந்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்குக் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் முதலில் பட்டது, இந்த இடம் எனக்கானதாக இல்லை என்பது. கால் நீட்டினால் பெடல் எட்டவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் வரும் சாலை அதில் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரிந்தது வண்டியின் கூரை. மகள் சின்னவளாக இருந்தபோது பேனாவால் கிறுக்கிய கோடு கொண்ட அந்தக் கூரைத் துணி மட்டும். இவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தக் கண்ணாடி அவர் கண்ணுக்காக வைக்கப்பட்டது. எதிரே கண்ணாடி இருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, ஆனால் நான் பார்க்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

சாவியைத் திருகினேன். வண்டி ஒரு முறை எகிறியது. உறுமவில்லை, கிளம்பவில்லை, முட்ட வருகிற ஆடு மாதிரி ஒரே ஒரு குதி. டமார். முன்னால் இருந்த தொட்டி உடைந்து, மண் பம்பரின் மேல் சரிந்தது. நான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து தலையணைக்குள் அமுங்கிய குரல்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லைங்க. தொட்டி."

"நியூட்ரல்ல போட்டியா?"

நியூட்ரல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

விஷயம் இதுதான். ரொம்ப நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று இவர் முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். கியரில் இருக்கும்போது, கிளட்சை மிதிக்காதவரை எஞ்சினும் சக்கரமும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டுதான் இருக்கும். சாவியைத் திருகினால் எஞ்சினைச் சுழற்றுவதற்காக வைத்திருக்கும் அந்தச் சின்ன ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டி மொத்தத்தையும் இழுத்துவிடும். புது வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கிறார்கள். எங்களுடையது பழசு. இதெல்லாம் பிறகு நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. இருபத்திரண்டு வருடம் அரை கை தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்தக் கியர்க் கம்பி ஆயிரக்கணக்கான முறை என் முழங்காலுக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறது. அடுப்பில் இருப்பது கொதிக்கிறதா என்று அடுத்த அறையிலிருந்து சத்தத்திலேயே சொல்லிவிடுகிறவள் நான். இதை மட்டும் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு வந்தது பயமில்லை, அவமானமும் இல்லை. கோபம். யார்மேல் என்றுதான் புரியவில்லை. தொட்டியை அள்ளாமல் விட்டது அதனால்தானோ என்னவோ.

எட்டு நாள் ஓட்டிய கதை

நான் முயற்சியே செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 27 வயதில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். எட்டு நாள் போனேன். அந்த எட்டு நாளும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வண்டி அலுங்காமல் நகர்ந்தது. கிளட்ச்தான் எல்லோருக்கும் சிரமம் என்பார்கள். ஒரு பக்கம் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுபோலச் சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சின், இன்னொரு பக்கம் அசையாமல் நிற்கும் சக்கரம். இரண்டையும் உரசி உரசிச் சேர்த்து வைக்கிற அந்த ஒரு நூல் இடம்தான் பாதி கிளட்ச். அதைப் புத்தியால் கற்க முடியாது, கால் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். என் கால் இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டதாக நம்பினேன். "மேடத்துக்குக் கிளட்ச் நல்லா வருது" என்று பயிற்சியாளரும் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை நான்கு பேரிடம் சொல்லியிருப்பேன்.

எட்டாவது நாள் ஒரு மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வண்டி உதறிக்கொண்டு ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி. மறுபடியும் ஆஃப். நான் கலங்கிப்போய் அவரைப் பார்த்தேன். அவர் முழங்காலைப் பிடித்துவிட்டபடி, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "கால் மரத்துப்போச்சு மேடம், எடுத்துட்டேன். அதான்."

குனிந்து பார்த்தேன். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பயிற்சி வண்டியில் அப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் எட்டு நாளும் என் கால் வெறுமனே கூடப் போய்க்கொண்டிருந்தது என்பது அந்த மேட்டில்தான் உறைத்தது. ஸ்டீயரிங் என் கையில் இருந்த எட்டு நாளும் நான் பக்கத்து சீட்டில்தான் இருந்திருக்கிறேன். ஒன்பதாவது நாள் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அப்புறம் வேலை அதிகம் என்றேன். பிறகு மகள் பிறந்தாள், அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை.

இவர் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. அதுவும் ஒரு சிக்கல்தான். "உனக்கெதுக்கு இந்தத் தொல்லை, நான் இருக்கேன்ல" என்றார். எவ்வளவு அன்பான வாக்கியம்! போகாதே என்று யாராவது தடுத்திருந்தால் நான் போயிருப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். சவுதி அரேபியாவில் 2018 ஜூன் 24 அன்று பெண்கள் ஓட்டுவதற்கான தடை நீங்கியபோது, நள்ளிரவு தாண்டிய கையோடு சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிய பெண்களைச் செய்தியில் காட்டினார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்த்த எனக்கும் தொண்டை அடைத்தது. அவர்களைத் தடுக்க ஒரு நாட்டுச் சட்டம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு மேடும், மரத்துப்போன ஒரு காலும் போதுமாக இருந்திருக்கிறது.

நடுவில் சில வருடம் இதை ஒரு கொள்கையாகவே மாற்றி வைத்திருந்தேன். புகை, நெரிசல், பெட்ரோல், பூமி சூடாவது; நான் பேருந்தில் போகிறவள், நடக்கிறவள். கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஓட்டத் தெரிந்து சாவியை மாட்டிவைத்துவிட்டு நடக்கிறவர் நடப்பது வேறு. நான் நடந்தது வேறு. விருந்து சாப்பிட அழைப்பே வராதவள் விரதம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஒரு ரவுண்டு

வாரம் ஒரு முறை சாவி போட்டு ஐந்து நிமிடம் ஓட விட்டுக்கொண்டிருந்தேன். நியூட்ரலை இப்போது கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன், கம்பி இரு பக்கமும் தளர்வாக ஆடும். கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் சாவியைத் திருகினால் டக் டக் டக் என்று பல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் கேபிளைக் கொண்டுவந்து அவன் வண்டியிலிருந்து உயிர் கொடுத்தான். என் வாராந்திரச் சடங்கைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துல ஓடினா ஒண்ணும் ஏறாது ஆன்ட்டி. ஸ்டார்ட் பண்ண இழுத்த கரண்ட்டே திரும்பி வராது. நீங்க இறக்கிட்டுதான் இருந்திருக்கீங்க. ஒரு அரை மணி நேரம் ஓட்டணும். போய் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்களேன்."

கல்மிஷமில்லாமல்தான் சொன்னான். என் வயதில் ஒரு பொம்பளைக்கு ஓட்டத் தெரியாமல் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. 'ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்களேன்.' இதுவரை எந்த மனிதரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னபோது அவன் முகம் ஒரு விநாடி தடுமாறியது. "பரவாயில்ல ஆன்ட்டி, நான் எடுக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தான். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. உடம்பு தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தெரு முனையில் கேட்டான்: "எந்தப் பக்கம் போலாம் ஆன்ட்டி?" வாய் வரவில்லை. எங்கேயாவது போகவேண்டியிருந்தால் சொல்லியிருப்பேன். சும்மா போவதற்கு எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாடகைக் காருக்குக்கூட போகுமிடத்தைப் போட்டால்தான் வண்டி வரும். போகுமிடம் இல்லாத பயணத்துக்கு என்னிடம் எந்த ஏற்பாடும் இருந்ததில்லை.

வீதிகளும் எனக்குத் தெரியவில்லை என்பது அடுத்த கூத்து. இத்தனை வருடம் போய் வந்த வழிதான். ஆனால் எந்தத் திருப்பம் எதில் போய்ச் சேரும் என்பது மனதில் படமாக வரவில்லை. மரம், விளம்பரப் பலகை, ஒரு நீலக் கதவு என்று துண்டு துண்டாக வந்தது. என் மண்டைக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். நகரமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் வெனிசுவேலாவின் சியூடாட் குவயானா என்ற நகரத்தில் மக்களை அழைத்து, தங்கள் ஊரை வரைந்து காட்டச் சொன்னார். 1970இல் அந்த ஆய்வு வெளிவந்தது. காரில் போகிறவர்கள் சாலைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும்படி வரைந்தார்கள். பேருந்தில் மட்டுமே போய் வந்தவர்களில் பெரும்பாலோரால் அப்படி வரைய முடியவில்லை. அவர்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள், அதே சாலைகளில்தான் போனார்கள்.

குமட்டலும் இதே கணக்குதான். வளைவான பாதையில் எனக்கு வயிற்றைப் புரட்டும். என் உடம்பு வண்டிக்கு லாயக்கில்லை, நான் எங்கே ஓட்டுவது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓட்டுகிறவருக்குப் பொதுவாகக் குமட்டாது. எப்போது திரும்பப் போகிறது, எப்போது பிரேக் விழும் என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ஒவ்வொரு திருப்பமும் திடீரென்று வருகிறது. ஓட்டாமல் இருக்க நான் காட்டிய காரணமே, ஓட்டாமல் இருந்ததால் வந்தது.

என் வருத்தத்தின் அடியை இங்கேதான் தொட்டேன் என்று நினைக்கிறேன். எனக்குக் காரின் மேல் ஒரு ஆசையும் இல்லை, இன்றைக்கும் இல்லை. என்னை உறுத்துவது ஒரே ஒரு சொல். 'கிளம்பலாமா?' இந்த 22 வருடத்தில் எத்தனை வீடுகளில், எத்தனை விசேஷங்களில் அதைக் கேட்டிருப்பேன்! தலைவலியோடு, அலுப்போடு, யாரோ குத்தலாகப் பேசியதைத் தாங்க முடியாமல், ஒரு மூலையிலிருந்து இவர் முகத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டிருக்கிறேன். இவர் நல்ல மனிதர், பெரும்பாலும் கிளம்பிவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் அது கேள்வியாகத்தான் இருந்தது. 'நான் கிளம்பறேன்' என்று முற்றுப்புள்ளி வைத்து ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று பெர்த்தா பென்ஸின் கதையை அடிக்கடி சொல்வார்கள். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட கதை என்பதால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. இப்போது மறுபடி படித்தால் வேறு சிலது கண்ணில் படுகிறது. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்கிறார். பிரேக் தேய்ந்ததும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொல்கிறார். மேடு வந்தால் கூட வந்த இரண்டு மகன்களும் இறங்கித் தள்ளுகிறார்கள். எனக்குப் பிடித்தது இதெல்லாம்கூட இல்லை. அந்த அம்மா போனது தன் தாய் வீட்டுக்கு. புருஷனிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை. போய்ச் சேர்ந்தபிறகு தந்தி கொடுத்தார். அப்போது அவருக்கு 39 வயது, என்னைவிட எட்டு வயது சின்னவர். பயிற்சிப் பள்ளி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம்.

மகளிடம் போனில் இதையெல்லாம் கொட்டினேன். அவள் பதினெட்டு முடிந்த கையோடு கற்றுக்கொண்டவள். "இப்ப கத்துக்கோம்மா, ஆட்டோமேட்டிக் எடுத்தா கிளட்ச்சே கிடையாது" என்றாள். சரிதான். ஆனால் எனக்கு ஏனோ அந்தக் கிளட்ச்சோடுதான் கணக்கு பாக்கி இருக்கிறது. அதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. பயிற்சிப் பள்ளி ஒன்றின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவேனா என்று இங்கே சத்தியம் செய்யப்போவதும் இல்லை.

போன வாரம் இவருக்கு ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. உற்சாகமாகச் சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தவர் "ஆ" என்றார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்திருக்கிறது. இருக்கை முன்னால் கிடந்தது. மேலே பார்த்தால் கண்ணாடியில் பின்சீட்டுதான் தெரிந்திருக்கும்.

"யாரு சீட்டை இழுத்தது? அந்தப் பையனா?"

"இல்லைங்க, நான்தான்."

இவர் முகம் கவிழ்ந்து கிடந்த நாட்களில், சாயந்திரம் எஞ்சினைப் போடாமலே கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்திருப்பேன் என்பதை இவரிடம் சொல்லியிருக்கவில்லை. கிளட்சை மிதித்து, மெல்ல விட்டு, மிதித்து. கண்ணாடியில் பின்னால் இருக்கும் தெரு முழுதாகத் தெரியும்படி வைத்திருந்தேன்.

இவர் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கையைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏறு, போலாம்" என்றார். போய் வந்தோம். எதிரே வருகிற விளக்குகள் கண்ணைக் கூசுகின்றன என்று இரண்டு முறை சொன்னார். இல்லாத பிரேக்கை என் கால் வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, இருக்கையை மறுபடி என் அளவுக்கு இழுத்து வைத்தேன்.